சிவப்பு விளக்கு எரிந்த பிறகு

பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே மால்டன் என்ற ஊரில் ‘போடா போர்க்’ என்றொரு விளையாட்டுக் கூடம் இருக்கிறது. 1990களில் ஸ்வீடனில் தொடங்கிய விளையாட்டு இது. அமெரிக்காவில் அதன் முதல் கூடம் 2015இல் மால்டனில் திறந்தது. நடைபாதையெங்கும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சில அறைகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் அறையின் சிக்கலைத் தீர்த்தால் பச்சை விளக்கு எரிந்து அடுத்த அறைக்கு வழி திறக்கும். தவறினால் சிவப்பு விளக்கு எரியும், வெளியே வந்துவிட வேண்டியதுதான். மறுபடி முயல வேண்டுமென்றால் முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழுவாகத்தான் உள்ளே போகலாம்.

விதிமுறைப் பலகை எதுவும் கிடையாது. பொத்தானை அழுத்துவதா, கயிற்றைப் பிடித்துத் தொங்குவதா, தரையில் கால் வைக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் தவறு செய்து செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவின் குடும்பம் அந்தப் பக்கம் வசிக்கிறது. அத்தானும் நானும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் ஒரு குழுவாகப் போனோம். அறைகளின் விடையை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே போகிறவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அதனால் கீழே வரும் அறைகளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

உளவியலின் வரலாற்றை வாசித்த ஒருவருக்கு அந்த நடைபாதை மிகவும் பழக்கமான இடமாகத் தோன்றும். ஓர் உயிரை மூடிய இடத்துக்குள் விட்டு, அது எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்பதுதான் கற்றல் பற்றிய ஆய்வுகளின் தொடக்கம். எட்வர்ட் தார்ன்டைக் என்ற இளைஞர் முதலில் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்தார். புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்திச் சந்துகள் அமைத்து, குஞ்சுகளை அதற்குள் விட்டார். குஞ்சுகளை வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லாதபோது, பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையையே கொடுத்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பூனைகளை எடுத்துக்கொண்டார். மரச்சட்டங்களால் செய்த பெட்டிக்குள் பசித்த பூனை, வெளியே மீன் துண்டு. உள்ளே எங்கோ ஒரு கயிற்று வளையமோ மிதிகட்டையோ இருக்கும். அதை இழுத்தால் அல்லது மிதித்தால் கதவு திறக்கும்.

பூனை பிறாண்டும், கடிக்கும், சட்டங்களுக்கு இடையே பாதத்தை நுழைக்கும். தற்செயலாக வளையத்தில் கை படும், கதவு திறக்கும். மறுபடி அதே பெட்டிக்குள் அடைப்பார். தார்ன்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வேட்டில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு வரைகோடு இருக்கிறது. முதலில் சில நிமிடங்கள் பிடித்த வேலை, ஏற்ற இறக்கத்தோடு குறைந்து குறைந்து, கடைசியில் சில வினாடிகளில் முடிந்துவிடும். கோடு பெரும்பாலும் செங்குத்தாக விழாமல் படிப்படியாகவே இறங்கியது என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. பூனைக்குத் திடீரென்று ‘புரிந்திருந்தால்’ நேரம் ஒரேயடியாகச் சரிந்திருக்க வேண்டுமே! ஆகவே பூனை புரிந்துகொள்ளவில்லை, பலன் தந்த அசைவுகள் நிலைக்கின்றன, பலன் தராதவை உதிர்கின்றன என்று முடிவு கட்டினார்.

இதை ஏற்காதவர் வொல்ஃப்காங் கோலர். முதல் உலகப் போர்க் காலத்தில் டெனரீஃப் தீவில் மாட்டிக்கொண்ட இந்த ஜெர்மானியர், அங்கிருந்த சிம்பன்சிகளை வைத்து ஆராய்ந்தார். தார்ன்டைக்கின் பெட்டியில் கதவைத் திறக்கும் பொறி எப்படி வேலை செய்கிறது என்பது பூனையின் கண்ணுக்கே தெரியாது, அப்படியிருக்க அது எதை வைத்துப் புரிந்துகொள்ளும் என்பது அவர் கேள்வி. தேவையான எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துக் கொடுத்தால், சிம்பன்சி சற்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெட்டிமேல் பெட்டியை அடுக்கியோ கோலோடு கோலைச் செருகியோ வாழைப்பழத்தை எட்டிவிடுகிறது என்று 1917இல் எழுதினார்.

நூறாண்டு கடந்தும் இந்த வழக்கு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. போடா போர்க்கில் இருவருமே சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் சரியல்ல. அறைக்குள் இருக்கும் அரை நிமிடத்தில் நாம் தார்ன்டைக்கின் பூனைகள். கண்ணில் பட்டதையெல்லாம் தொடுகிறோம், இழுக்கிறோம், தாவுகிறோம். சிவப்பு விளக்கு எரிந்து, நடைபாதைக்கு வந்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறோம். அந்தக் கூடத்தில் கற்றல் பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் நடக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஓர் அறையில் சுவர் முழுக்கப் பொத்தான்கள். நாங்கள் நான்கு பேரும் நான்கு மூலைக்கு ஓடி ஆளுக்கொன்றை அழுத்தினோம். சிவப்பு. மறுபடி போனோம், மறுபடியும் அதே ஓட்டம், அதே சிவப்பு. மூன்றாவது முறை கதவைத் தொடப்போன அத்தானின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா மகள்.

“இருங்கப்பா. எது தப்புன்னே தெரியலையே. நாலு பேரும் ஒரே நேரத்துல அமுக்கினா, யாரு அமுக்கினதால சிவப்பு வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாமா, நீங்க மட்டும் அமுக்குங்க. நாங்க தொடாம நிக்கிறோம்.”

பதினான்கு வயதுப் பெண் சொன்ன இந்த யோசனைக்குள் சோதனை அறிவியலின் அடித்தளமே இருக்கிறது. மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அசையாமல் வை. அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, அதை 1948இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின் வழியாகப் பார்க்கலாம். பதினாறு பொத்தான்களில் ஒன்றுதான் சரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் மோசமான நிலையில் பதினைந்து முயற்சி ஆகும். ‘விடை இந்தப் பாதியில் இருக்கிறதா, அந்தப் பாதியில் இருக்கிறதா’ என்று தெரிந்துகொள்ளும்படி முயற்சியை அமைக்க முடிந்தால் நான்கே முயற்சியில் முடிந்துவிடும்: எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பெயர் தெரியாத உப்பைப் பகுப்பாய்வு செய்தவர்கள் இதை அறிவார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தும் வீழ்படிவு வரவில்லையென்றால் முதல் தொகுதி மொத்தமும் கழிந்துவிடும். அடுத்த தொகுதிக்குப் போகலாம். அங்கே ‘வீழ்படிவு இல்லை’ என்று எழுதுவது தோல்வியல்ல, ஒரு கூட்டத்தையே விலக்கிவிட்ட கண்டுபிடிப்பு. சிவப்பு விளக்கும் அப்படித்தான். எதை விலக்கியது என்று சொல்ல முடிகிற சிவப்பு விளக்குக்கு மதிப்பு உண்டு. எதையும் விலக்காத சிவப்பு விளக்கு களைப்பை மட்டும்தான் கொடுக்கும்.

ஆனால் ஒழுங்காகக் கழித்துக்கொண்டே போனால் எல்லா அறையும் திறந்துவிடுமா? திறக்காது. சில அறைகளில் சரியான விடை நம் பட்டியலிலேயே இருக்காது. இங்கேதான் நார்மன் மேயர் 1931இல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வருகிறது. இப்படிப்பட்ட சவால் அறைகளை வடிவமைக்கிறவர்கள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய சோதனை இது என்பேன்.

பெரிய அறை. கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. இரண்டின் முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மற்றது கைக்கு எட்டாது. அறையில் நாற்காலி, மேசை, கம்பிகள், மின்வடம், இடுக்கி எல்லாம் கிடக்கின்றன. நடுவில் வைத்த நாற்காலியில் ஒரு கயிற்றைக் கட்டி நிறுத்துவது, வடத்தால் கயிற்றை நீட்டுவது போன்ற வழிகளைப் பலர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு விடைக்கும் பிறகு ‘வேறு வழி சொல்லுங்கள்’ என்பார் மேயர். அவர் எதிர்பார்த்தது இது: இடுக்கியை ஒரு கயிற்றின் நுனியில் கட்டி ஊசலாக ஆட்டிவிட்டு, மற்றக் கயிற்றோடு காத்திருந்து, அது ஆடி வரும்போது பிடித்துக்கொள்வது. இடுக்கி என்றால் பிடுங்கத்தான் என்று பழகிய கண்ணுக்கு, அது வெறும் எடையாகத் தெரிவதில்லை.

ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் உதவியில்லாமல் ஊசலைக் கண்டுபிடித்தார்கள். விழித்துக்கொண்டு நின்றவர்களுக்காக மேயர் ஒன்று செய்தார். சன்னலை நோக்கி நடப்பதுபோல் நடந்து, போகிற போக்கில் ஒரு கயிற்றில் லேசாக உரசி அதை ஆட்டிவிட்டார். அதுவரை திணறியவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகு ஒரு நிமிடத்துக்குள்ளேயே விடைக்கு வந்துவிட்டார்கள். ‘எப்படித் தோன்றியது’ என்று கேட்டதற்கு அவர்கள் கயிறு ஆடியதைச் சொல்லவில்லை. தானாகத் தோன்றியது என்றார்கள், படித்த இயற்பியல் ஞாபகம் வந்தது என்றார்கள். உளவியல் பேராசிரியர் ஒருவர், குரங்குகள் மரத்திலிருந்து ஊசலாடி ஆற்றைக் கடப்பதுபோல் ஒரு காட்சி மனத்தில் எழுந்தது என்று விவரித்தார். ஆடிய கயிறு கண்ணுக்குள் போயிருக்கிறது, சிந்தனையைத் திருப்பியும் விட்டிருக்கிறது. அது வந்துபோன தடம் மட்டும் நினைவில் இல்லை.

நல்ல சவால் அறை இந்த மேயர் வேலையைத்தான் செய்கிறது. விடைக்கான குறிப்பு சுவரின் ஓவியத்தில், பின்னணி ஓசையின் தாளத்தில், ஒரு பலகையின் சாய்வில் ஒளிந்திருக்கும். பத்து முறை பார்த்தும் பார்க்காததுபோல் இருப்போம். பதினோராவது முறை கை தானாக அங்கே போகும். ‘எனக்கு ஒரு யோசனை’ என்று கத்துவோம். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேயரின் ஆட்களைப் போலவே ஏதாவது ஒரு கதை சொல்வோம்.

இத்தகைய அறைகளுக்கு நீண்ட வம்சாவளி கிடையாது. 1990இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் கடலுக்கு நடுவே இருக்கும் பழைய கோட்டை ஒன்றில் ‘ஃபோர்ட் பொயார்ட்’ என்ற போட்டி தொடங்கியது. அதே ஆண்டு பிரிட்டனில் ‘கிரிஸ்டல் மேஸ்’ வந்தது. 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கதோ நடத்திய விளையாட்டிலிருந்து எஸ்கேப் ரூம்கள் கிளைத்தன. எஸ்கேப் ரூமில் ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூளையைக் கசக்க வேண்டும். சவால் அறைகளில் ஓர் அறைக்கு ஓரிரு நிமிடங்கள்தான், உடம்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். மாசசூசெட்ஸின் நேட்டிக்கில் 2021இல் தொடங்கிய ‘லெவல்99’ இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த அறைகளில் நடுவர் வேலையைச் செய்பவை உணரிகள். லேசர் கதிர்களைத் தொடாமல் ஊர்ந்து கடக்கும் அறைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுத்தமான காற்றில் லேசர் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கவே முடியாது. அது கண்ணுக்குள் நேராக வந்தால்தான் தெரியும். அதற்காக அறையில் மெல்லிய புகைமூட்டம் பரப்புகிறார்கள். அந்தப் புகையின் நுண்துளிகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் பச்சைக் கோடாகத் தெரிகிறது. ஜான் டிண்டல் 1860களில் ஆராய்ந்த அதே ஒளிச்சிதறல் இது. கதிரின் மறுமுனையில் ஓர் ஒளி உணரி காத்திருக்கும். நம் தோள் குறுக்கே வந்து வெளிச்சம் விழாத நொடியே மின்னோட்டம் குறைந்துவிடும். கையில் கட்டிவிடும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையில் மின்கலம் இல்லை. படிப்பானின் சுருளிலிருந்து எழும் மாறும் காந்தப்புலம்தான் பட்டைக்குள் இருக்கும் சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சில்லைச் சில கணங்கள் விழிக்க வைத்துக் குழுவின் எண்ணைச் சொல்ல வைக்கிறது. மின்மாற்றி வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். உணரிக்கு மைக்ரோ வினாடிகள் போதும். வெளிச்சத்தைப் பார்த்துக் கையை அசைக்க நமக்குக் கால் வினாடி ஆகும். எந்தப் பொத்தான் என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமானால் நேரம் இன்னும் கூடும். தெரிவுகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் சேர்கிறது என்று 1952இல் வில்லியம் ஹிக் அளந்து காட்டினார். எட்டுப் பொத்தான் அறை நான்கு பொத்தான் அறையைவிட ஏன் திணறடிக்கிறது என்பது இப்போது விளங்கும்.

உடலையும் மனத்தையும் ஒரே அறையில் சோதிப்பது சுவாரசியத்துக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குறுகிய கட்டை ஒன்றின்மேல் நடந்துகொண்டே, எதிர்ச்சுவரில் தோன்றும் எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அறை ஒன்று. கணக்கும் எளிது, கட்டையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். தனித்தனியாக இரண்டும் யாருக்கும் கைவரும். சேர்த்துச் செய்யும்போது, ‘பதினேழு’ என்று வாய் சொல்லும் கணத்தில் கால் நின்றுவிடுகிறது. அல்லது கால் நகரும்போது கூட்டல் தப்பிவிடுகிறது. அத்தானுக்கு இது பிள்ளைகளைவிட அதிகமாக நேர்ந்தது. வயது ஏற ஏற இது கூடும்.

நிற்பதும் நடப்பதும் கவனமே தேவையில்லாத வேலைகள் என்றுதான் நினைக்கிறோம். உள்காதின் சமநிலை உறுப்பு, கண், தசை மூட்டுகளிலிருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றையும் மூளை ஓயாமல் சேர்த்துக் கணக்கிடுகிறது. பழகிய தளத்தில் அந்தக் கணக்கு மலிவாக முடியும். கட்டைமேல் ஏறினால் செலவு கூடும், கூட்டலுக்கு வைத்திருந்த கவனத்திலிருந்து கடன் வாங்கும். ஸ்வீடனைச் சேர்ந்த லில்லிமோர் லுண்டின்-ஓல்சன் குழு 1997இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதை மறக்க முடியாதபடி காட்டியது. முதியோர் இல்லவாசிகள் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு சாதாரணப் பேச்சு அவர்களுடைய சமநிலையின் கையிருப்பை அளந்துவிட்டது. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்கலாம். அப்பாவோ அம்மாவோ பேசுவதற்காக நடையை நிறுத்தினால், அவர்கள் நிற்கட்டும். நடந்துகொண்டே பேசச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

கடிகாரம் பின்னோக்கி ஓடும்போது நடப்பதும் கவனிக்கத்தக்கது. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908இல் எலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்பித்தார்கள். தவறினால் மின்னதிர்ச்சி. வேறுபாடு பளிச்சென்று இருந்தபோது அதிர்ச்சி வலுக்க வலுக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு மங்கலாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியே அதிகப் பலன் தந்தது, வலுவான அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. இந்த எலிச் சோதனையை அலுவலகம், தேர்வு, விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டவர்கள் பலர். அந்த அளவுக்கு அது தாங்காது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் செய்த மூளை ஆய்வுகள் அதன் ஒரு பகுதிக்கு நல்ல விளக்கம் தருகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியில் நார்-அட்ரினலின் மிதமாகச் சுரக்கும்போது செயல்நினைவு வலுப்படுகிறது. பதற்றத்தில் அது வெள்ளமாகும்போது வேறுவகை ஏற்பிகளில் பிணைந்து, அதே பகுதியின் வேலையை முடக்கிவிடுகிறது. அதனால்தான் கடைசிப் பத்து வினாடியில் ஓடலாம், தாவலாம். புதிதாக யோசிக்க மட்டும் முடிவதில்லை.

குழுவாகத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனைக்கு வருவோம். கூட்டமாகச் சேர்ந்தால் பலம் கூடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார், முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, எட்டுத் தனி ஆட்களின் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளிப்பட்டது. ஒரே கணத்தில் இழுக்காததால் வந்த இழப்பா, சோம்பலா? 1974இல் வேறொரு குழு இதைச் சாமர்த்தியமாகப் பிரித்தது. இழுப்பவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள், உண்மையில் இழுக்கவில்லை. அப்போதும் முன்னால் நின்றவரின் இழுப்பு குறைந்தது. கூட ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

சவால் அறை இந்தச் சோம்பலுக்கு இடம் தருவதில்லை. நான்கு பேரும் நான்கு பலகையில் நின்றால்தான் கதவு திறக்கும் என்றால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நினைவிலும் அப்படித்தான். கண நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்கள் ஏறத்தாழ நான்கு என்று நெல்சன் கவன் 2001இல் வாதிட்டார். பன்னிரண்டு நிறங்கள் வரிசையாக மின்னி மறையும் அறையில் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திண்டாடுவார். ஆளுக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டோம், சிரமமே தெரியவில்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் 1985இல் எழுதினார். உறவினர் பிறந்தநாள் ஒருவருக்கு, மின்கட்டணக் கெடு இன்னொருவருக்கு. எது யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

எந்தக் குழு நன்றாகச் சிந்திக்கும் என்பதற்கு அனிடா வூலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாக 699 பேரைப் பிரித்துப் பலவகைப் பணிகளைக் கொடுத்தார்கள். குழுவின் திறன், அதிலிருந்த பெரிய அறிவாளியின் நுண்ணறிவை வலுவாகச் சார்ந்திருக்கவில்லை. பிறர் கண்களைப் பார்த்தே அவர்கள் உணர்ச்சியைப் படிக்கும் ஆற்றல் சராசரியாக எவ்வளவு, பேசும் வாய்ப்பு எவ்வளவு சமமாகப் பகிரப்பட்டது, பெண்களின் பங்கு எவ்வளவு ஆகிய மூன்றோடும்தான் ஒத்துப்போனது. ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்த குழுக்கள் பின்தங்கின.

நடைபாதையில் மற்றக் குழுக்களைக் கவனித்தபோது இந்த வித்தியாசம் தெரிந்தது. வெளியே வந்ததும் ஒருவர் அதட்ட மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, அதே வேகத்தில் திரும்ப உள்ளே போன குழுக்கள் உண்டு. வட்டமாக நின்று ‘நீ என்ன பார்த்தே?’ என்று ஒவ்வொருவரையும் கேட்ட குழுக்களும் உண்டு. எங்கள் குழுவில் அக்கா மகன் அதிகம் பேசாத பையன். எட்டு வயது. ஓர் அறையில் நாங்கள் எல்லோரும் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்து அவனிடம் கேட்டபோது, கதவு மூடியதும் தரைக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, இரண்டு தடவையும் ஒரே இடத்தில் கேட்டது என்றான். அடுத்த முறை அந்த இடத்தில் நின்றோம். பச்சை எரிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் தகவல் எங்கள் குழுவுக்குள்ளேயே இருந்தும் எங்களுக்கு இல்லாமல் போயிருக்கும்.

இவ்வளவு தோல்வியை மனிதர்கள் காசு கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்? ராபர்ட் வில்சன் குழு 2019இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்வுசெய்யப் பழகும் ஒருவகைக் கற்றல் முறைகளில், ஏறத்தாழ 85 சதவீதம் சரியாகவும் 15 சதவீதம் தவறாகவும் வரும்படி கடினத்தை வைத்தால் கற்றல் வேகம் உச்சத்தில் இருக்கும் என்பது அதன் முடிவு. போடா போர்க்கில் தோல்வி இதைவிடப் பல மடங்கு. முரண்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முயற்சியையும் அதற்குள் இருக்கும் சிறு சிறு செயல்களாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது என்று நினைக்கிறேன். கதவைத் திறந்து, கட்டையில் ஏறி, முதல் மூன்று நிறங்களைச் சரியாகத் தொட்டு, நான்காவதில் தவறினோம் என்றால், முயற்சி தோல்வி, ஆனால் அதற்குள் ஐந்தாறு செயல்கள் சரி. அடுத்த முறை அந்த ஐந்தாறும் கை தானாகச் செய்யும், மூளை நான்காவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். எதிர்பார்த்ததைவிட நல்லது நடக்கும்போது டோபமின் நரம்பணுக்கள் துடிக்கின்றன, எதிர்பார்த்தபடியே நடந்தால் அவை சும்மா இருக்கின்றன என்று வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குழு 1997இல் விளக்கியது. போன தடவை சிவப்பு எரிந்த இடத்தைத் தாண்டி ஒரு வினாடி நின்றாலே எதிர்பார்ப்பை மீறிவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் சற்றே தள்ளிப்போகும் தோல்வி, அந்த வகையில், வெற்றியைவிட அதிகமாக இழுக்கும்.

இதனால் மூளை கூர்மையாகும், வேலையில் திறமை பெருகும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். தார்ன்டைக்கே 1901இல் ராபர்ட் வுட்வொர்த்துடன் சேர்ந்து இதைச் சோதித்தார். செவ்வகங்களின் பரப்பை உத்தேசமாகச் சொல்லப் பழகியவர்கள் வேறு வடிவங்களுக்கு வந்ததும் அந்தத் திறமையில் பெரும்பகுதியை இழந்தார்கள். இரு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் பழக்கம் கடந்து வருகிறது என்றார் அவர். கணினியில் விளையாடும் ‘மூளைப் பயிற்சி’ விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மறுபுறம், பொதுக் கூறு இருக்கும் இடத்தில் பலன் நிச்சயம் உண்டு. சமநிலைப் பயிற்சி சமநிலையை வளர்க்கும். தத்தம் வீட்டில் வாழும் முதியவர்களிடையே உடற்பயிற்சி விழுதலின் வீதத்தை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கிறது என்று காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு கண்டது. அதற்குச் சவால் அறை தேவையில்லை. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்கப் பழகுவதும் அந்த வகைதான்.

நாங்கள் முடிக்காமல் விட்ட அறை ஒன்று இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம், முடித்த அறைகளைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச்சு முழுக்க அந்த ஓர் அறைதான். முடிக்காத வேலை நினைவில் அதிகம் தங்கும் என்று ப்ளூமா ஜெய்கார்னிக் 1927இல் சொன்னது புகழ்பெற்றது. பிந்தைய சோதனைகளில் அது அவ்வளவாக நிற்கவில்லை. அவருடைய சக ஆய்வாளர் மரியா ஓவ்சியன்கினா 1928இல் கண்டது உறுதியாக நிற்கிறது. இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலேயே, மனிதர்கள் மறுபடி கையில் எடுக்கிறார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. “மாமா, அந்த ரூம்ல நாம பொத்தானை மட்டும்தான் மாத்தி மாத்தி அமுக்கினோம். எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிக்கிறோம்னு ஒரு தடவைகூட மாத்தலை. அடுத்த வாரம் நாங்க போறோம். தம்பி செகண்டு எண்ணுவான்.”